இடையில் வருவது: இடையிசையும் இடைக்கூத்தும்

எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடை, அதாவது திருவிழா. வெள்ளிக்கிழமை ராத்திரி, மணி பத்து, பத்தரை இருக்கும். பந்தலில் வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருந்தது. காப்பு, குருவடி, அவையடக்கம், நாட்டுவளம் எல்லாம் பாடி முடித்து, புலவர் கதைக்குள் நுழைந்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. ஒரு அடியை உச்சத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். பக்கப்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடி இறக்கி வைத்தார்கள். அதோடு பாட்டு நின்றது. குடம் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு உடுக்கை அதோடு சேர்ந்தது.

பக்கத்தில் என் தங்கச்சி மகன். ஆறாவது படிக்கிறான், சென்னையில் வளர்கிற பிள்ளை.

"மாமா, பாட்டு முடிஞ்சிடுச்சா?"

"இல்லடே. இன்னும் சுடலை பொறக்கவே இல்ல."

"அப்போ ஏன் பாடாம சும்மா அடிக்கிறாங்க?"

சும்மாதான் அடிக்கிறார்களா என்று நானும் அப்போதுதான் கவனித்துப் பார்த்தேன். புலவர் செம்பை எடுத்து அண்ணாந்து சுக்குத்தண்ணி குடித்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். இடப்பக்கம் உட்கார்ந்திருந்தவர் ஜால்ராவின் கயிற்றைச் சரிசெய்தார். குடக்காரர் மட்டும் கண்ணை மூடியிருந்தார். இடது கை குடத்தின் கழுத்தில், வலது கை மட்டை குடத்தின் வாயில். தொம் தொம் என்று ஒரே நடையில் போய்க்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல வேகத்தைக் கூட்டினார். பந்தலில் ஒரு பாட்டி தூங்கிய பேரனை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். வேகம் ஒரு கட்டத்துக்கு வந்ததும் புலவர் வீசுகோலை எடுத்து வில்லில் ஒரு தட்டு தட்டினார். மணிகள் குலுங்கின. அடுத்த அடி தொடங்கியபோது கதை பூலோகத்தை விட்டுக் கயிலாயத்துக்குப் போயிருந்தது.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்தில் பாடியவருக்கு மூச்சு கிடைத்தது, கேட்டவர்களுக்குக் கால் நீட்ட இடம் கிடைத்தது, கதைக்கு இடம் மாறியது. இசையிலும் நாடகத்திலும் இடையில் வருவதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால், முக்கால்வாசி பதில் இந்தக் குடத்தடிக்குள்ளேயே இருக்கிறது. மீதியை இனிப் பார்க்கலாம்.

முதலில் பெயர். இங்கிலீஷில் இதை இன்டர்லூட் என்கிறார்கள். லத்தீனில் 'இன்டர்' என்றால் நடுவே. 'லூடஸ்' என்றால் விளையாட்டு, ஆட்டம். நடுவே வரும் ஆட்டம், அவ்வளவுதான். தமிழில் இசைக்கு 'இடையிசை' என்று நல்ல சொல் இருக்கிறது. நாடகத்துக்கு இடைக்காட்சி, இடைநாடகம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். எனக்கு இடைக்கூத்து என்று சொல்லத்தான் பிடித்திருக்கிறது. மெல்லிசைக் கச்சேரி மேடையில் இந்தச் சொற்கள் எதுவும் காதில் விழாது. அங்கே 'பிட்', 'பிஜிஎம்', 'இன்டர்லூட்' தான். "செகண்ட் பிஜிஎம்ல புல்லாங்குழல் நீ எடுத்துக்கோ" என்றால் எல்லோருக்கும் புரியும்.

'இடை' என்று தொடங்கும் வேறு சில சொற்களும் இருக்கின்றன. புதிதாகக் கேட்கிறவர்கள் அவற்றோடு இதைக் குழப்பிக்கொள்வது உண்டு. இடைவேளை என்றால் ஆட்டம் நிற்கிறது, நாம் எழுந்து முறுக்கு வாங்கப் போகிறோம். இடைச்செருகல் என்றால் பழைய நூலில் பின்னால் வந்த யாரோ தன் கைச்சரக்கைச் சொருகியது. மூல ஆசிரியருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று தூர்தர்ஷனில் அட்டை போட்டு வாத்திய இசை ஓட விடுவார்களே, அது தடங்கல். அட்டை எப்போது போகும் என்று பார்த்திருந்தோமே தவிர அந்த இசையை யார் கேட்டோம்? இடையிசையில் ஆட்டம் நிற்பதில்லை. ஆட்டம் கை மாறுகிறது. பாடகரிடமிருந்து வாத்தியத்துக்கு, ராஜாவிடமிருந்து கோமாளிக்கு. மாறிய கை சும்மா இருப்பதில்லை, வருவதற்கு வழி செய்கிறது.

எல்லோருக்கும் தெரிந்த இடத்திலிருந்து போவோம்: சினிமாப் பாட்டு. தொடக்கத்தில் கொஞ்சம் இசை, பிறகு பல்லவி. பல்லவி முடிந்ததும் முதல் இடையிசை. அப்புறம் முதல் சரணம், திரும்பப் பல்லவி, இரண்டாவது இடையிசை, இரண்டாவது சரணம். பெரும்பாலான பாட்டுகளின் எலும்புக்கூடு இதுதான்.

இதில் இடையிசை செய்கிற வேலைகளில் எளிதாகப் பிடிபடுவது மூச்சு. அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. பல்லவி ஒரு இடத்தில் முடியும், சரணம் வேறொரு உயரத்தில் தொடங்கும். மாடிக்கு நேரே தாவ முடியாது, படி வேண்டும். இடையிசையின் கடைசி நாலைந்து சுரங்களைக் கவனித்தால், பாடகர் எந்தச் சுரத்தில் காலை வைக்க வேண்டுமோ அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கும். வேண்டுமானால் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றின் பல்லவியைப் பாடுங்கள். இடையிசையை விழுங்கிவிட்டு நேரே சரணத்துக்குப் போங்கள். பலருக்குச் சுருதி நழுவும். இடையிசையை வாயால் 'தரரா' என்று முனகிவிட்டுப் போனால் சரியாக விழும். அந்த 'தரரா' தான் படி.

இன்னொரு வேலை திரையில் நடப்பது. பல்லவியில் வயல் வரப்பில் ஓடுகிற சிறுவன், இடையிசை முடிந்து சரணம் வரும்போது மீசை முளைத்த கதாநாயகனாக ஓடிக்கொண்டிருப்பான். பத்துப் பன்னிரண்டு வருஷத்தை இருபது விநாடி வயலின் தின்றுவிடுகிறது. நாமும் ஏன் எப்படி என்று கேட்பதில்லை.

ஆரம்பத்தில் இந்த இடையிசைகள் குட்டையாக இருந்தன. 78 ஆர்பிஎம் இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிஷத்துக்குமேல் அதிகம் கொள்ளாது; அதற்குள் பாட்டை முடிக்க வேண்டும். பல பாட்டுகளில் ஒரே துண்டு இசையை ஒவ்வொரு சரணத்துக்கு முன்னாலும் திருப்பி வாசித்தார்கள். பின்னால் நிலைமை மாறியது. 1976-இல் வந்த இளையராஜா முதல் இடையிசைக்கும் இரண்டாவது இடையிசைக்கும் தனித்தனியாக எழுதி, அவற்றைப் பாட்டுக்குள் இருக்கும் சிறு பாட்டுகளைப்போல் ஆக்கினார். டீக்கடை ரேடியோவில் இடையிசை மட்டும் காற்றில் வந்து விழும்போதே பாட்டின் பெயரைச் சொல்கிற ஆட்கள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்குப் பாட்டின் வரி தெரியாது, பிட்டு மட்டும்தான் தெரியும்.

திருநெல்வேலிக்காரனாக இருந்துகொண்டு காருகுறிச்சியாரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. சேரன்மகாதேவி பக்கத்தில் இருக்கிறது காருகுறிச்சி. நாதஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் காருகுறிச்சி அருணாசலம், 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் 'சிங்கார வேலனே தேவா' பாட்டுக்கு நாதஸ்வரம் வாசித்தார். எஸ். ஜானகி பாடுகிறார், நாதஸ்வரம் பதில் சொல்கிறது. அவர் சுரத்தை விடுகிறார், இது பிடிக்கிறது. பாட்டின் வரிகளுக்கு நடுவேதான் வருகிறது. அதனால் இது இடையிசையா? எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. இடையிசை என்றால் வந்த வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இங்கே நாதஸ்வரம் ஒதுங்குவதாக இல்லை, சரிக்குச் சரியாக உட்கார்ந்து பேசுகிறது. ஆகவே நடுவில் வருவதெல்லாம் இடையிசை ஆகிவிடாது. மெயின் ஆள் யார், இடையாள் யார் என்று பிரிக்க முடிகிற இடத்தில்தான் அந்தச் சொல்லுக்கு வேலை.

கர்நாடக இசையிலும் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று உண்டு, சிட்டஸ்வரம். ஒரு கிருதியில் அனுபல்லவி முடிந்ததும், சாகித்தியம், அதாவது பாட்டு வரி இல்லாமல் சுரங்களாகவே கோத்துவைத்த ஒரு துண்டைப் பாடுவார்கள். சரணத்துக்குப் பிறகும் பாடுவதுண்டு. மனோதர்மமாக அப்போதைக்குப் பாடும் கல்பனாஸ்வரம் அல்ல, முன்கூட்டியே அமைத்தது. எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்த சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்ட 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யைப் புரட்டினால் சிட்டஸ்வரத்தோடு எழுதிவைத்த கிருதிகளைப் பார்க்கலாம். ராகத்தின் முகத்தை நாலு வரியில் இன்னொருமுறை காட்டிவிட்டு வார்த்தைக்குத் திரும்பிவிடும்.

சரி, நாடகத்துக்கு வருவோம். சொல்ல வேண்டியது இங்கேதான் நிறைய இருக்கிறது.

ஸ்பெஷல் நாடகம் பார்த்திருக்கிறீர்களா? ராத்திரி பத்து மணிக்குமேல் தொடங்கி விடியவிடிய நடக்கும் 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி'. இந்த நாடகங்களுக்குத் தலைமகன் சங்கரதாஸ் சுவாமிகள், 1867-இல் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். இன்றைக்கு அது தூத்துக்குடி மாவட்டம், அன்றைக்கு எல்லாம் நெல்லைச் சீமைதான். ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், ஆர்மோனியம் இன்னொரு ஊர். அன்றைய ஒரு ராத்திரிக்காகப் பேசி அழைத்துவந்து மேடையில் சேர்ப்பார்கள்.

அந்த மேடையில் முதலில் வருவது முருகனும் இல்லை, வள்ளியும் இல்லை. பபூன். பளபளச் சட்டை, வாயில் அரைகுறை இங்கிலீஷ், ஊர்த்தலைவர் முதல் பம்புசெட் வரை கிண்டல். அப்புறம் ஆடவரும் பெண்ணோடு வாக்குவாதம், பாட்டு, ஆட்டம். ஒரு மணிநேரம் போனதே தெரியாது. அந்த நேரத்தில் திரைக்குப் பின்னால் ராஜபார்ட் முகத்துக்கு மாவு பூசிக்கொண்டிருப்பார். பின்னிரவில், நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்து களைத்த பிறகு, பபூன் திரும்பவும் வருவார். தூங்கி விழுகிற கூட்டத்தை உலுக்கி எழுப்புவது அவர் பொறுப்பு. வள்ளி கதைக்கும் அவர் சொன்ன பம்புசெட் கதைக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. இருக்கவும் வேண்டாம். புராணத்தில் ரொம்ப நேரம் இருந்தால் கால் மரத்துப்போகும். கொஞ்சம் ஊருக்குள் வந்துவிட்டுத் திரும்பப் போக வேண்டும்.

இதே வழக்கம் கடல் கடந்தும் இருந்திருக்கிறது. 15, 16-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பெரிய வீட்டு விருந்துகளில் சின்னச் சின்ன நாடகங்கள் போடுவார்கள்; அவற்றுக்கு இன்டர்லூட் என்றே பெயர். விருந்துக்கு நடுவே நடந்ததால் அந்தப் பெயர் என்று சிலரும், இரண்டு மூன்று பேருக்கு நடுவே நடக்கிற ஆட்டம் என்பதால் என்று சிலரும் சொல்கிறார்கள். ஹென்றி மெட்வால் எழுதிய ஒரு நாடகத்தின் முதல் பாதி மத்தியான விருந்துக்கு, இரண்டாம் பாதி ராத்திரி விருந்துக்கு. நாஞ்சில் நாட்டுப் பந்தியில் பாயசம் கடைசியில் வராது, சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவே வந்துவிட்டுப் போகும். அதைச் சாப்பிட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு அதிசயமாகத் தெரியாது.

இத்தாலியில் பெரிய நாடகத்தின் அங்கங்களுக்கு நடுவே பாட்டும் ஆட்டமும் வைத்தார்கள். 1589-இல் ஃபிளாரன்சில் மெடிசி குடும்பக் கல்யாணத்துக்கு நடந்த ஒரு நாடகத்தில் அப்படி ஆறு இடைக்காட்சிகள். மேகம் இறங்குவது, தேவர்கள் பாடுவது என்று எக்கச்சக்கமான செலவு. இன்றைக்கு அந்த இடைக்காட்சிகளைப் பற்றித்தான் பேசுகிறார்கள், நாடகத்தைத் தேட வேண்டியிருக்கிறது.

இதைவிட வேடிக்கையான கதை 1733-இல் நேப்பிள்ஸ் நகரத்தில் நடந்தது. பெர்கொலேசி என்கிற இளம் இசையமைப்பாளர் ஓபரா ஒன்று எழுதினார், அதாவது பாட்டாலேயே நடக்கும் நாடகம். ராஜா, சிறைவாசம் என்று கனமான கதை. மூன்று அங்கம். நடுவில் இரண்டு இடைவெளி. அதில் போட ஒரு சின்னக் கூத்தையும் எழுதிக்கொடுத்தார். ஒரு வேலைக்காரி தன் எஜமானரைத் தந்திரமாக மடக்கிக் கல்யாணம் செய்துகொள்கிறாள். பாடுவதற்கு இரண்டே பேர், கூட வாய் திறக்காத ஒரு ஆள். கனமான ஓபரா அப்படியே மறைந்துபோனது. வேலைக்காரியின் கூத்து தனியே பிய்த்துக்கொண்டு ஐரோப்பா முழுக்கச் சுற்றியது. 1752-இல் பாரிசில் அதைப் போட்டபோது இத்தாலிய இசை உசத்தியா, பிரெஞ்சு இசை உசத்தியா என்று பெரிய சண்டையே மூண்டது. நம்மூரில் படத்தின் கதை மறந்துபோய், காமெடி டிராக் மட்டும் வருஷக்கணக்காக டிவியில் ஓடுகிறதே, அதே கதைதான். அந்த காமெடி டிராக்கும் நாடக மேடை பபூனின் வாரிசுதான் என்பது என் எண்ணம்.

இடைக்கூத்து எதற்கு என்பதை எனக்கு அடித்துச் சொல்லிக்கொடுத்தது ஒரு பள்ளி ஆண்டுவிழா. பள்ளியின் பெயர் வேண்டாம். கட்டபொம்மன் நாடகம். அரண்மனைக் காட்சி முடிந்து தூக்குமேடைக் காட்சி வர வேண்டும். திரை விழுந்தது. உள்ளே கயிறு கட்ட வேண்டிய கம்பம் நிற்க மாட்டேன் என்கிறது. இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். கூட்டத்தில் சலசலப்பு, பிறகு விசில், பிறகு யாரோ ஒரு பெரியவர் செருப்பைத் தேடுகிறார். அப்போது எங்கள் தமிழ் ஐயா, வெள்ளைக்காரச் சிப்பாயாக வேஷம் கட்டியிருந்த ஒருவனைத் திரைக்கு வெளியே தள்ளிவிட்டார். "எதையாவது பேசுலே." அவன் தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு, "எங்க துரைக்கு இந்த ஊர் அல்வா பிடிச்சுப்போச்சு, கயிறு வாங்கப் போனவரு கடையிலயே உக்காந்துட்டாரு" என்று ஆரம்பித்தான். கூட்டம் சிரித்தது. அவன் பேசி முடிக்கவும் கம்பம் நிற்கவும் சரியாக இருந்தது. இதில் நான் கவனித்தது அடுத்து நடந்ததை. சிரித்து ஓய்ந்த கூட்டத்துக்கு முன்னால் திரை விலகி, கயிறு தொங்கியபோது யாரும் மூச்சுவிடவில்லை. சிரிக்காமல் வந்திருந்தால் அந்த அமைதி வந்திருக்காது.

திரை என்று ஒன்று வந்துவிட்டாலே இந்தச் சிக்கல் இருக்கும். நமக்கு அது புதிதும் இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று விதமான திரைகள் வருகின்றன. திரை மூடியிருக்கிற நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்பது மேடைக்காரர்களின் நிரந்தரக் கவலை.

ஆனால் சிரிப்பு மூட்டுவது மட்டும்தான் வழி என்று நினைக்க வேண்டாம். 1890-இல் ரோமில் முதன்முதலாக நடந்த மஸ்கான்யியின் ஓபரா ஒன்று இருக்கிறது. ஈஸ்டர் நாள், ஒரு சிசிலிய கிராமம். தன் மனைவிக்கு வேறொருவனோடு தொடர்பு என்று தெரிந்த ஒருவன் பழிவாங்குவேன் என்று சபதம் போடுகிறான். அடுத்து ரத்தம்தான் என்று நமக்குத் தெரிந்துவிடுகிறது. அங்கே பாட்டு நிற்கிறது. ஊர் ஜனம் கோயிலுக்குள் இருக்கிறது, மேடையில் ஒரு ஆள் இல்லை. வாத்தியங்கள் மட்டும் சில நிமிஷம், அவ்வளவு சாந்தமாக. யாரும் எதுவும் செய்யவில்லை. ஆனால் நடக்கப்போவதை நினைத்து நம் வயிறு கலங்குகிறது. பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயத்துப் பக்கம் காணிக்கை நேரத்தில் கீபோர்டு மட்டும் மெல்ல ஒலிப்பதைக் கேட்டவர்களுக்கு அந்த ஆள் இல்லாத இசை எப்படி இருக்கும் என்று ஓரளவு புரியும். வயிறு கலங்குவதைத் தவிர.

திரும்பக் கொடைக்கு வருகிறேன், ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. நடுச்சாமம் நெருங்கியதும் வில்லு நின்று, நையாண்டி மேளம் எழுந்தது. பூசை, தீபாராதனை, சாமி வந்து ஆடுகிற கோமரத்தாடியின் ஆட்டம். வில்லுக்காரர்கள் பந்தலுக்குப் பின்னால் டீ குடிக்கப் போனார்கள். பையன் விடவில்லை. "மாமா, இப்ப மேளம் இடையிசையா?" வில்லுக்காரர்களைக் கேட்டால் ஆமாம் என்பார்கள். மேளக்காரர்களைக் கேட்டால், இத்தனை நேரம் ஓடிய வில்லுதான் அவர்களுக்கு இடையில் வந்தது. சுடலைமாடனைக் கேட்டால் என்ன சொல்வாரோ தெரியாது. எது நடு, எது ஓரம் என்பது நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பதையும் பொறுத்தது என்று அவனுக்குச் சொன்னேன். பாதி புரிந்தது. மீதி அடுத்த மாதம் புரிந்தது.

அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம், ரிசப்ஷனில் மெல்லிசை. இவனும் இன்னும் மூன்று பொடிசுகளும் ஒரு பாட்டின் இரண்டாவது பிஜிஎம்முக்கு மட்டும் ஆடுவதென்று இரண்டு நாளாக மாடியில் பழகியிருந்தார்கள். வரிக்கு ஆட்டம் கிடையாது. வரி வரும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது, பிட் வந்ததும் பாய்வது. மேடையில் நேரமாகிவிட்டது, பந்தி காத்திருக்கிறது. கீபோர்டுக்காரர் அந்த பிட்டைப் பாதியில் வெட்டிவிட்டுச் சரணத்துக்குக் கைகாட்டினார். பாடகி ஒரு கட்டை தள்ளிப் பிடித்து, இரண்டு வரிக்கு அப்புறம்தான் சுருதியில் வந்து சேர்ந்தார். பொடிசுகள் நாலும் ஒரு காலைத் தூக்கியபடி மேடைக்கு முன்னால் நின்றார்கள். என் மருமகன் திரும்பி என்னைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டான்: "மாமா, பாட்டு எங்க போச்சு?"